ஒரு கொமாவும் 3,240 கிலோ நெல்லும்

ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் கால் வைக்க இடம் கிடைக்காது. தீர்த்தக்குளத்தைச் சுற்றி ஈர வேட்டிகள், கச்சான் கடைகள், தொலைந்துபோன பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டே இருக்கும் ஒரு குரல். அம்மாவைக் குளக்கரையில் விட்டுவிட்டு நான் ஒரு சர்பத் கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். கையில் போன். போனுக்குள் சேர்வர். சம்மாந்துறையிலிருந்து ஹாஜியார் குரல்பதிவு அனுப்பியிருந்தார்: "தம்பி, வெள்ள நாடு தொண்ணூத்தெட்டு. மெசின்ல மாத்தி உடுங்க. வாசல்ல ஏழு உழவு மெசின் நிக்கிது."

வெள்ள நாடு என்பது ஒரு நெல் இனம், தொண்ணூத்தெட்டு அதன் கிலோ விலை. ஹாஜியார் 'மெசின்' என்று சொன்னது அவருடைய அரிசி மில்லுக்கு நான் எழுதிக் கொடுத்த இணையச் செயலியை. நெல் வரும், தராசில் ஏறும், நிறை செயலிக்குள் விழும், கிலோ விலையால் பெருக்கித் துண்டு அச்சாகும். சிறுபோக அறுவடை உச்சத்தில் இருந்த நேரம் அது. காலையில் ஒரு விலை, பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு இன்னொரு விலை. அந்த விலையை நான் எங்கே வைத்திருந்தேன் என்றால், நிரலின் செட்டிங்ஸ் கோப்பில், டேட்டாபேஸ் கடவுச்சொல்லுக்கு நாலு வரி கீழே.

பெருவிரலால் கோப்பைத் திறந்து 95ஐ அழித்து 98 போட்டேன். சேமித்தேன். சேர்வரை மறுபடி எழுப்பினேன். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. சர்பத் ஒன்று வாங்கிக் குடித்தேன்.

பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்தது. மில்லின் கணக்கப்பிள்ளை ஒரு நீளக் கடதாசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார், பொன்னாடை போர்த்தப் போகிறவர் மாதிரி. பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே நெல் கொண்டுவந்த போடியாரின் (எங்கள் பக்கத்தில் வயற்காரரை அப்படித்தான் சொல்வோம்) பெயர், நிறை 3,240 கிலோ. மொத்தம் என்ற இடத்தில்: 98, 98, 98, 98, 98... அச்சியந்திரம் ஒரு மீற்றருக்கு மேல் கக்கிவிட்டு, சுருள் முடிந்த பிறகுதான் நின்றிருக்கிறது.

செயலியை நான் எழுதிய பைதன் மொழி தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 98 என்று எழுதினால் அது ஓர் எண். 98 என்று எழுதி அதன் பின்னால் ஒரு கொமா போட்டுவிட்டால் அது எண் இல்லை, ஒரே ஒரு எண்ணை வைத்திருக்கும் வரிசை, டியூப்பிள் என்பார்கள். பைதனுக்கு அது பிழையாகவே தெரியாது. வரிசை ஒன்றை 3,240 ஆல் பெருக்கச் சொன்னால் அதே வரிசையை 3,240 தரம் திருப்பி அடுக்கித் தரும். சொன்னதைச் செய்தது. என் பெருவிரல் போனின் விசைப்பலகையில் ஒரு கொமாவைத் தட்டியிருந்தது, அவ்வளவுதான். தராசு முழுக் கிலோவாக நிறை அனுப்பியதால் இந்தக் கூத்து. தசமத்தோடு அனுப்பியிருந்தால் பெருக்கவே மறுத்துப் பிழை காட்டியிருக்கும்.

ஹாஜியார் என்னை ஏசவில்லை. பின்னேரம் போன் எடுத்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நெல்லு எண்ட. சல்லியும் எண்ட. விலய மாத்த நான் ஏன் மகன் ஒங்களத் தேடணும்?"

சரியான பதில் என்னிடம் இருக்கவில்லை. அதற்குப் பின்னான இரண்டு போகங்கள் அந்தக் கேள்வியோடுதான் போயின. இந்தப் பதிவும் அதைப் பற்றியதுதான்.

பைதனில் இணையச் செயலி கட்ட நான் பாவிக்கும் ஆயத்தச் சட்டகம் ஜாங்கோ. அதன் செட்டிங்ஸ் கோப்பு செயலி எழும்பும்போது வாசிக்கப்படும். அதன்பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அதிலுள்ளவற்றை மாற்றாதீர்கள் என்று ஜாங்கோவின் கையேடே வெளிப்படையாகச் சொல்கிறது. டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, இரகசியச் சாவி என்ன, மின்னஞ்சல் எந்த வழியாகப் போகும் என்பவைதான் அங்கே இருக்கவேண்டியவை. இவையும் நிரலுக்குள் கிடக்காமல் சேர்வரின் சூழல் மாறிகளில், அதாவது நிரலுக்கு வெளியே சேர்வரே வைத்திருக்கும் மதிப்புகளில், இருக்கவேண்டும் என்பது 2011இல், மற்றவர்களின் செயலிகளைத் தங்கள் சேர்வரில் ஓட்டிக்கொடுக்கும் ஹெரோக்கு நிறுவனத்தார் எழுதிவைத்த பன்னிரண்டு விதிகளில் ஒன்று. அதற்கு அவர்கள் சொன்ன சோதனை எனக்குப் பிடிக்கும்: உன் நிரல் முழுவதையும் இந்த நிமிடமே ஊருக்குக் காட்டினால் எந்தக் கடவுச்சொல்லாவது வெளியே போகுமா?

அந்தச் சோதனையில் நெல் விலை எந்தப் பக்கம் விழும்? அது இரகசியம் இல்லை, மில் வாசல் கரும்பலகையில் சோக்கால் எழுதியிருக்கிறது. சேர்வருக்குச் சேர்வர் மாறுவதும் இல்லை. அது நேரத்துக்கு நேரம் மாறுவது; அதை மாற்றுகிற ஆள் நிரல் எழுதியவன் இல்லை. அப்படியொன்றை நான் கடவுச்சொல்லுக்குக் கீழே வைத்ததற்குக் காரணம் சோம்பல். முதல் நாள் ஒரு விலைதான் இருந்தது, ஒரு வரியில் எழுதிவிட்டேன்.

ஆக, ஹாஜியாரே விலையை மாற்றக்கூடிய திரை ஒன்று செய்வது என்று முடிவெடுத்தேன். ஜாங்கோ உலகத்தில் இதற்கு ஆயத்தமாகப் பொதிகள் இருக்கின்றன. கொன்ஸ்டன்ஸ் என்பது அதிகம் பேர் பாவிப்பது. எந்தெந்த அமைப்புகள் (செட்டிங்ஸ்), அவற்றின் ஆரம்ப மதிப்பு என்ன, விளக்கம் என்ன என்று கோப்பில் ஒரு பட்டியல் எழுதினால் போதும். நிர்வாகப் பக்கத்தில் படிவம் தானாக முளைத்துவிடும், மதிப்புகள் டேட்டாபேஸிலோ, ரெடிஸ் என்ற வேகமான நினைவகக் களஞ்சியத்திலோ போய் உட்காரும். நல்ல பொதி. அதை எடுத்திருந்தால் பாதித் தொல்லை மிச்சம். நான் இளங்கன்று. 'பெயர்', 'மதிப்பு' என்று இரண்டு நெடுவரிசைகள் உள்ள அட்டவணை ஒன்றை நானே கட்டினேன், இரண்டையும் வெறும் எழுத்தாக.

இப்போது எனக்கு வெறி பிடித்துவிட்டது. விலையைத் திரைக்குக் கொண்டுவந்தாயிற்று, மற்றவற்றை ஏன் விடவேண்டும்? மூடை நிறை, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, இறக்குகூலி, துண்டின் தலைப்பு, மில்லின் தொலைபேசி, அச்சுக் கடதாசியின் அகலம், நேர வலயம், செயலியின் இணைய முகவரி. ஒரு வெள்ளிக்கிழமை அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி, காரைதீவுச் சந்தியில் இறங்கி, ஓட்டோ பிடித்துப் போய் ஹாஜியாரிடம் பெருமையோடு காட்டினேன். நாற்பத்துச் சொச்சம் பெட்டிகள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இதுல எது விலை?" என்றார்.

விலை முப்பத்தோராவது பெட்டி. அகர வரிசையில் அடுக்கியிருந்தேன்.

அந்தப் பெட்டிகளால் வந்த வினைகளை முழுதாகச் சொன்னால் பதிவு நீளும். இரண்டை மட்டும் சொல்கிறேன். ஹாஜியாரின் மகன் இணைய முகவரிப் பெட்டியில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது என்று நினைத்துத் திருத்தினார். அடுத்த கணம் செயலி எல்லோரையும் இல்லாத முகவரிக்கு அனுப்பத் தொடங்கியது. அவரால் திரும்பி வந்து பழையபடி மாற்றவும் முடியாது, வாசலே அங்கேதானே இருந்தது. இணையத்தளம் கட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பாவித்தவர்களுக்கு இது பழைய கதை: அதிலும் தளத்தின் முகவரி டேட்டாபேஸ் அட்டவணையில்தான் இருக்கிறது, பொது அமைப்புகள் பக்கத்தில் அதை மாற்றித் தங்களைத் தாங்களே வெளியே பூட்டிக்கொண்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதற்கு மருந்தும் அங்கேயே உண்டு. கோப்பில் முகவரியை எழுதிவிட்டால் டேட்டாபேஸில் உள்ளது செல்லாது. வீட்டுத் திறப்பை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்துகிற எந்த அமைப்பும் திரைக்கு வரக்கூடாது என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன்.

மற்றது ஈரக் கழிவு. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கும் நெல்லில் ஈரப்பதன் 14 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். தனியார் மில்லுக்காரர்கள் ஈர நெல்லையும் வாங்குவார்கள், வெட்டு மெசினிலிருந்து நேரே வருவதை, நிறையில் கழித்துக்கொண்டு. நல்ல வெயில் காய்ந்த ஒரு கிழமை, கழிவு வேண்டாம் என்று ஹாஜியார் முடிவெடுத்தார். கணக்கப்பிள்ளை திரையில் 'நிறுத்து' என்று அமத்தினார். பெட்டியிலும் இல்லை என்றே காட்டியது. துண்டில் மட்டும் கழிவு போய்க்கொண்டே இருந்தது. நான் மதிப்பை எழுத்தாகச் சேமித்திருந்தேனா, 'இல்லை' என்பதற்குப் பைதன் சொல்லும் 'ஃபோல்ஸ்' என்ற சொல் எழுத்தாக இருக்கும்போது பைதனுக்கு அது உண்மை. வெறுமையாக இல்லாத எந்த எழுத்தும் உண்மைதான். 'இல்லை' என்று எழுதிய கடதாசியைக் கையில் கொடுத்தால், 'கடதாசி ஒன்று இருக்கிறதுதானே' என்று தலையாட்டும் பிறவி அது. இரண்டு நாள் கழிவுக் காசை ஹாஜியார் தேடித் தேடித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுக்கும்போது எனக்குக் காது சூடாக இருந்தது.

இவை எல்லாம் நிரல் எழுதுகிறவனின் பிழைகள், திருத்திவிடலாம். எண்ணுக்கு எண், ஆம்–இல்லைக்கு ஆம்–இல்லை, திகதிக்குத் திகதி என்று வகை பிரித்தேன். நாற்பதைப் பதினொன்றாகக் குறைத்தேன். விலைகளைத் தனிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு போடியார் வந்தார். மல்வத்தைப் பக்கத்து ஆள், எழுபது வயதிருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து மடித்த துண்டை எடுத்து, கணக்கப்பிள்ளையின் மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். வெப்ப அச்சுக் கடதாசி, பாதி வெளிறியிருந்தது. மாசிமாதம் கொடுத்த நெல், மிச்சக் காசு நிலுவை. கணக்கப்பிள்ளை இலக்கத்தைத் தட்டி அதே துண்டைத் திரும்ப எடுத்தார். இரண்டிலும் ஒரே நிறை, ஒரே திகதி, வேறு வேறு மொத்தம். நான் அன்றைக்குத் தற்செயலாக அங்கே இருந்தேன். போடியார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, கடதாசி ஒண்டு சொல்லுது, மெசின் ஒண்டு சொல்லுது. நான் எத நம்புற?"

கடதாசியைத்தான். நான் பழைய துண்டை மறுபடி அச்சிடும்போது, அமைப்பில் இன்றைக்கு உள்ள இறக்குகூலியையும் சாக்குக் கழிவையும் எடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அமைப்பை மாற்றிய ஒவ்வொரு தடவையும் கடந்த காலம் முழுவதும் சேர்ந்து மாறியிருக்கிறது. அவருக்கு நட்டம் 640 ரூபா. ஆனால் அந்த மனிதர் துண்டை எப்படிப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார் என்பதை நினைக்க நினைக்க, என் டேட்டாபேஸைவிட அவருடைய சட்டைப்பை யோக்கியமானது என்று பட்டது.

அன்றிரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா படுவான்கரை ஆள், வவுணதீவுப் பக்கம் உன்னிச்சைக் குளத்துத் தண்ணியில் வேளாண்மை செய்தவர். கம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. "அப்ப உன்ர மெசினுக்கு வட்டை விதானை இல்லையா?" என்றார்.

கிழக்குக்கு வெளியே வாசிக்கிறவர்களுக்கு: வட்டை என்பது வயற்பரப்பு. வட்டை விதானை என்பவர் அந்தப் பரப்புக்குத் தண்ணீர் பங்கிடும் ஆள், விவசாயிகளே தெரிந்தெடுப்பது. போகம் தொடங்க முன்னம் ஆரம்பக் கூட்டம் நடக்கும், கன்னக் கூட்டம் என்றும் சொல்வார்கள். அரச அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தார், விவசாயிகள் எல்லோரும் இருப்பார்கள். முதல் தண்ணீர் விடும் நாள், விதைப்பு முடிக்கவேண்டிய கடைசி நாள், வட்டைக்குள்ளிருந்து மாடுகளை வெளியேற்றும் நாள், தண்ணீர் நிறுத்தும் நாள், எல்லாவற்றுக்கும் திகதி குறித்து எழுதிவிடுவார்கள். அந்த எழுத்துக்கு உட்பட்டுத்தான் விதானை வாய்க்கால் கதவைத் திறப்பதும் பூட்டுவதும். அவர் நினைத்த நேரம் திறக்கலாம், ஆனால் எந்த நாளில் யாருக்காகத் திறந்தார் என்று வட்டை முழுவதற்கும் தெரியும். இரவோடிரவாகத் தன் வயலுக்குத் தண்ணி வெட்டி விட்டவனையும் தெரியும்.

அப்பா சொன்னதை நான் நிரலாக மாற்றியது இப்படி. விலைக்கு 'மதிப்பு' என்று ஒரு பெட்டி வைத்து, மேலே மேலே எழுதி அழிப்பதை நிறுத்தினேன். ஒவ்வொரு மாற்றமும் புதிய ஒரு வரி. என்ன மதிப்பு, எப்போதிலிருந்து, யார் போட்டது, என்ன காரணம். பழைய வரி பழைய இடத்திலேயே கிடக்கும். இன்றைய விலை என்ன என்று கேட்டால், இந்த நிமிடத்துக்கு முன் தொடங்கியவற்றில் கடைசி வரி எதுவோ அது. ஒரு துண்டு அச்சாகும்போது அதில் பாவித்த விலை, கழிவு, கூலி எல்லாம் அந்தத் துண்டோடேயே எழுதிச் சேமிக்கப்படும். பிறகு அமைப்புகள் எங்கே போனாலும் அந்தத் துண்டு அசையாது. போடியாரின் பொலித்தீன் பை மாதிரி.

'எப்போதிலிருந்து' என்ற அந்த ஒரு நெடுவரிசை எவ்வளவு பெறுமதியானது என்று கல்முனையில் ஒரு கட்டடப்பொருள் கடைக்கு வேலை செய்தபோதுதான் விளங்கியது. வற் எனும் பெறுமதி சேர் வரியை யோசித்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 1இல் 15 சதவீதத்திலிருந்து 8 ஆகியது. 2022 ஜூன் 1இல் 12. அதே வருடம் செப்டெம்பர் 1இல் 15. 2024 ஜனவரி 1இல் 18. ஒரே ஆண்டில் மூன்று வீதம் பார்த்த நாடு இது. எனக்கு முன் அந்தக் கடைக்கு மென்பொருள் எழுதியவர் நிரலுக்குள் பதினேழு இடங்களில் 8 என்று நேரடியாக எழுதி வைத்திருந்தார். அவரை நான் பழிக்கமாட்டேன், எட்டு நெடுகலும் எட்டாகவே இருக்கும் என்று நம்பியிருப்பார். புதிய முறையில் 18ஐ டிசம்பர் நடுவிலேயே போட்டுவைத்தோம். முதலாம் திகதி பிறந்தபோது யாரும் விழித்திருக்கவில்லை. திருப்பி எடுக்கிற சாமானுக்கு விற்ற நாளின் வீதத்தில் காசு கொடுக்கவும் அதே அட்டவணை போதுமாக இருந்தது.

மில்லில் மட்டும் நடுச்சாமம் சரியாக வேலை செய்யவில்லை. அறுவடைக் காலத்தில் தராசு இரவிலும் தூங்காது. 'நாளையிலிருந்து' என்று போட்ட விலை விடிய ஐந்தரைக்குத்தான் விழுந்தது. இடையில் வந்த நாலு லொறிக்கும் பழைய விலை. சேர்வர் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்திருந்தது, நம்முடைய நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி முன்னால். சேமிப்பது உலக நேரத்திலேயே இருக்கட்டும், ஆனால் 'நாளை' என்பது யாருடைய நாளை என்று கேட்டு மாற்றவேண்டும். அந்த ஐந்தரையைக்கூட நிரலில் எண்ணாக எழுதிவிடாதீர்கள். 1996 மே மாதம் மின்சாரம் மிச்சம் பிடிக்க இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி ஆறரை ஆக்கினார்கள், அதே ஒக்டோபரில் ஆறு ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டோடு பழைய ஐந்தரைக்கே வந்தோம். கொழும்பு என்ற வலயப் பெயரைக் கொடுத்தால் இந்த வரலாறு முழுவதும் அதற்குத் தெரியும்.

அடுத்தது தேத்தண்ணிக் கடையில் வெடித்தது. மில்லுக்கு எதிரே இருக்கிற கடையில் துண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு 101, அவருக்குப் பின்னால் வந்தவருக்கு 98, அதற்குப் பின்னால் வந்தவருக்கு மறுபடி 101. ஆள் பார்த்து விலை போடுகிறார்கள் என்று கதை கிளம்பிவிட்டது, அதிலும் யார் யாருக்கு எது என்று பார்த்து ஊரும் சாதியும் பேசத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹாஜியார் முதன்முறையாகக் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான்.

காரணம் இது. ஒவ்வொரு துண்டுக்கும் டேட்டாபேஸைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நான் விலையை நினைவகத்தில் எடுத்து வைத்திருந்தேன், ஜாங்கோ தானாகத் தரும் கேஷ். விலை மாறினால் கேஷை அழித்துவிடவும் எழுதியிருந்தேன். ஆனால் அந்தக் கேஷ் ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனி. எங்கள் சேர்வரில் ஒரே செயலியின் இரண்டு பிரதிகள், தொழிலாளிச் செயல்முறைகள் என்பார்கள், பக்கத்தில் பக்கத்தில் ஓடின. விலையை மாற்றிய கோரிக்கை எந்தத் தொழிலாளியிடம் போனதோ அவன் மட்டும் தன் கேஷை அழித்தான்; மற்றவனுக்குத் தகவலே இல்லை, அவன் பாட்டில் 98க்கு வாங்கிக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் வரிசை இரண்டு பேருக்கும் மாறி மாறிப் போனது. ரெடிஸ் மாதிரிப் பொதுவான ஒரு கேஷ் வைத்தால் இது தீரும். நான் வைக்கவில்லை. ஒரு நாளைக்கு அறுநூறு துண்டு. துண்டுக்கு ஒரு தேடல். கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. கேஷையே தூக்கி எறிந்தேன். யாருக்காக இதை மிச்சம் பிடித்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பெரிய இடங்களில் அப்படி எறியமுடியாது, அங்கே வினையும் பெரிது. 2010 செப்டெம்பர் 23இல் பேஸ்புக் இரண்டரை மணித்தியாலம் படுத்ததை அவர்களே எழுதியிருந்தார்கள். கேஷில் உள்ள அமைப்பு மதிப்பு பிழையாக இருந்தால் டேட்டாபேஸிலிருந்து சரியானதை எடுத்துத் திருத்தும் ஒரு தானியங்கி ஏற்பாடு. அன்றைக்கு டேட்டாபேஸில் உள்ள மதிப்பே பிழையானது என்று கொள்ளப்படும்படி மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு சேர்வரும் 'பிழை, திருத்து' என்று டேட்டாபேஸுக்கு ஓடியது, டேட்டாபேஸ் மூச்சுத் திணறியது, திணறியதால் வந்த பிழையையும் பிழையான மதிப்பு என்று எடுத்துக் கேஷை அழித்துவிட்டு மறுபடி ஓடியது. கடைசியில் தளத்தையே நிறுத்தித்தான் மூச்சுவிட வைத்தார்கள். திருத்துவதற்கு வைத்த ஆள்தான் வீட்டைக் கொளுத்தியது. என் தேத்தண்ணிக் கடைச் சண்டையை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

யார் கையில் திறப்பு என்பதில் எனக்கும் ஹாஜியாருக்கும் இன்னும் இழுபறி உண்டு. கணக்கப்பிள்ளை விலையைப் பார்க்கலாம், மாற்றமுடியாது. ஹாஜியாரும் மகனும் மாற்றலாம். முந்திய விலையிலிருந்து பத்து ரூபாவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ திரை நிறுத்திக் கேட்கும். வெறுமனே 'நிச்சயமா' என்று கேட்டால் யாரும் வாசிப்பதில்லை, பெருவிரல் தானாக 'ஓம்' அமத்திவிடும். ஆகவே அந்தத் திரை ஒரு கணக்கைக் காட்டும்: "3,240 கிலோவுக்கு இதுவரை 317,520 ரூபா. இனி 3,175,200 ரூபா." ஒரு சைபர் கூடிப்போன நாளில் ஹாஜியாரின் மகன் இதைப் பார்த்துப் போனைக் கீழே வைத்துவிட்டார். அந்த 3,240ஐ நான் வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன்.

ஹாஜியார் கேட்டு நான் மறுத்தது ஒன்று உண்டு. ஈரக் கழிவுச் சூத்திரத்தையே பெட்டியில் எழுதி மாற்றும்படி செய்துதரச் சொன்னார். 14இலிருந்து 16 வரை ஒரு கணக்கு, அதற்கு மேல் வேறு கணக்கு, சம்பாவுக்கு இன்னொன்று. பெட்டிக்குள் சூத்திரம் எழுத விட்டால் அது நிரல். சோதிக்காத, பழைய பிரதி இல்லாத, இரவு பத்து மணிக்கு மில்லில் எழுதப்படும் நிரல். சூத்திரத்தின் எண்களை மாற்றித் தருகிறேன், சூத்திரத்தை என்னிடம் விடுங்கள் என்றேன். "அப்ப ஒங்களத் தேடத்தான் வேணும்" என்றார். ஓம், அதற்கு மட்டும்.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நெல்லுக்கு விலை அறிவித்தது: நாடு 120, சம்பா 125, கீரிச் சம்பா 132. செய்தி வந்தபோது நான் கல்லடிக் கடற்கரையில் இருந்தேன். பழைய பழக்கத்தில் கை போனுக்குப் போனது. அழைப்பு வரவில்லை. செயலியைத் திறந்து பார்த்தேன், சம்மாந்துறையில் விலை ஏற்கனவே மாறியிருந்தது.

போகம் முடிந்து கணக்குப் பார்க்கப் போன நாளில் ஹாஜியார் அந்த மாற்றப் பட்டியலை முழுதாக அச்செடுத்து வாசிக்கக் கேட்டார். நான் காரணம் என்ற பெட்டியைக் கட்டாயமாக்கி வைத்ததற்கு ஏசிக்கொண்டே நிரப்பியவர் அவர். கணக்கப்பிள்ளை வாசித்தார். "மழை." "மழை உட்டுட்டு." "கொழும்பு லொறி வரல்ல." "மற்ற மில்லுக்காரன் கூட்டிட்டான்." "அவன் குறைச்சிட்டான்." "அரசாங்க விலை." "சும்மா." ஹாஜியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றுக்கும் அந்த நாள் திரும்ப வருவது முகத்தில் தெரிந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. மார்ச் மாதம், மாலை 6.10, நாடு நாலு ரூபா ஏற்றம். 6.35க்கு மறுபடி இறக்கம். கணக்கப்பிள்ளை காரணத்தை வாசிக்காமல் தொண்டையைச் செருமினார். ஹாஜியார் கடதாசியை வாங்கித் தானே பார்த்தார். காரணம்: "மச்சான்ட நெல்லு." யார் போட்டது என்ற இடத்தில் மகனின் பெயர்.

"இந்த வரிய அழிக்கேலாதா தம்பி?" என்று மகன் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஏலா."

ஹாஜியார் கண்ணாடிக்கு மேலாக மகனைப் பார்த்தார். மகன் எழும்பி, காயப்போட்ட நெல்லைக் கிண்டிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.